மின்னாதது

முதல் மாதம் முழுக்க நான் கற்களுக்குத்தான் தூண்டில் போட்டேன்.
ஒரு கல்லுக்கு நாற்பது நிமிடம்,
பொய்ப்பூச்சியை மூன்று தடவை மாற்றிக் கட்டி.
கரைமேட்டில் நின்ற ஹினெராவ்
சிரிப்பை அடக்கி அடக்கி விக்கல் எடுத்தாள்.
அந்தக் கல்லுக்கு லாக்லன் என்று பெயர் வைத்தோம்.
இறைச்சி ஆலையில் எங்கள் மேற்பார்வையாளர் பெயர்.
அவரும் எதற்கும் அசையமாட்டார்.

கோர் நகரத்துக்கு வடக்கே, வில்லோ மரங்கள் ஓய்கிற இடம்.
ஆறு கண்ணாடிபோல என்று சொல்லத்தான் வாய் வருகிறது.
கண்ணாடியாக இருப்பதுதான் சிக்கலே.
வானமும் என் தொப்பியும் அதில் தெரிகின்றன,
கீழே இருப்பவர் தெரிவதில்லை.

மின்னினால் மீன் என்றிருந்தேன்.
பிரவுன் ட்ரவுட் மின்னாது.
ஆற்றின் தரையிலிருந்தே துணி எடுத்து
புள்ளி புள்ளியாகத் தைத்துப் போட்டிருக்கிறது.

ஒருவர் நீரில், ஒருவர் மேட்டில். அப்படித்தான் எங்கள் ஏற்பாடு.
மேட்டிலிருப்பவர் கண், நீரிலிருப்பவர் கை.
"பத்து மணித் திசை. இரண்டு கோல் நீளம்.
வெளிர்க்கல்லுக்கு இப்பால்."
"எந்த வெளிர்க்கல்?"
"வெளிர்ந்திருக்கிறதே, அது!"
இப்படியே சண்டை போட்டு
ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் பேசாமல் திரும்பினோம்.

மீனுக்கு முன்னால் நிழல்தான் கிடைத்தது எனக்கு.
சரளைமேல் ஒரு கறுப்பு. மேகம் மூடினால் அழிந்துவிடும்,
வெயில் வந்தால் அதே இடத்தில் மறுபடி.
அப்புறம் ஜன்னல்:
சலசலப்பின் நடுவே வழவழவென்று ஒரு துண்டு நீர்,
கதவளவு, மிதந்து வரும்.
அதோடு கண்ணும் கூடவே நடக்கவேண்டும்.
மூன்று நொடி தரை தெரியும்.
பிறகு சாத்திக்கொள்ளும்.

ஆலையில் பதினோரு வருடமாக
ஓடும் பட்டையின்முன் நிற்கிறேன்.
எல்லாத் துண்டும் ஒன்றுபோல் போகையில்
ஒன்று மட்டும் சரியில்லை என்று கை தானாக நீளும்.
ஆற்றில் அந்தக் கை நீளவே இல்லை.
முறைத்து முறைத்துப் பார்த்ததில்
தலைவலி வந்ததுதான் மிச்சம்.

பிப்ரவரியில் ஒரு நாள்
இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் போனோம்.
என் முறை மேடு. மணல் ஈக்கள் காதைத் தின்றன.
ஹினெராவ் முழங்காலளவு நீரில் நின்று
மேல்நீரையே துழாவிக்கொண்டிருந்தாள்.
நான் எதையும் பார்க்கவில்லை, சும்மா கண்ணை விட்டிருந்தேன்,
பட்டை ஓடுவதுபோல் ஆறு ஓடிற்று.
ஒன்று மட்டும் ஓடவில்லை.

கல் என்று நினைத்தேன். கல்லுக்கு வால் அசையாது.
வெள்ளையாக ஒரு சிமிட்டல்: வாய் திறந்து மூடியது.
அதற்குப்பின் அது முழுசாகத் தெரிந்தது,
துடுப்பு, முதுகு, தாடை வளைவு, எல்லாம்.
இனி அதைப் பார்க்காமலிருக்க என்னால் முடியாது.

இருந்த இடம்தான் வேடிக்கை.
அவள் முன்னால் இல்லை. பின்னால்.
குதிகாலுக்கு ஒரு முழம் கீழே,
அவள் பூட்ஸ் கிளறிவிடும் புழுக்களை
ஒவ்வொன்றாக வாங்கித் தின்றுகொண்டு.

"ஏதாவது தெரிகிறதா?" என்றாள், திரும்பாமல்.
"ஆறு மணித் திசை."
"எவ்வளவு தூரம்?"
"தூரமே இல்லை."

அவள் தோள் மட்டும் நின்றுபோனது.
திரும்பினால் போய்விடும். கோலைத் தூக்கினால் போய்விடும்.
செய்ய ஒன்றுமே இல்லை.
மேகம் ஒன்று வந்தது, போனது.

பிறகு ஹினெராவ்
இடது குதிகாலை மெதுவாக,
சிகரெட்டை அணைப்பதுபோல்,
சரளையில் திருகினாள்.
கலங்கல் ஒரு நூலாகக் கிளம்பியது.
"தின்கிறதா?" என்று கேட்டாள்.
"தின்கிறது," என்றேன்.
மறுபடி திருகினாள்.